வராத வண்டியின் நடத்துநர்

ஓராண்டு நோன்பிருந்து ஒரு விருந்தினருக்காகக் காத்திருந்த முனிவனிடம் முதிய வேதியனாய் வந்து, அவன் வைத்த மாவனைத்தையும் அமுது செய்து, உறங்க இடமும் கேட்டு, அங்கேயே அரவணையில் சாய்ந்துவிட்ட எவ்வுள் என்னும் திருவள்ளூர்ப் பெருமானே, காத்திருப்போரின் அருமை உனக்குத் தெரியும். அடியேன் எழுதப் புகும் இச்சிறு சித்திரத்தில் பொய் ஒன்றும் நுழையாதபடி வாசலில் நின்று காத்தருள வேண்டும்.

இன்று தை அமாவாசை. திருவோணமும் கூடிய நன்னாள். விடியலில் திருக்குளத்தில் நீராடினேன். எங்கள் திருவள்ளூர் வழக்கப்படி வெல்லக்கட்டியை நீரில் கரைத்தேன். ஒன்று எனக்காக, மற்றொன்று ஒரு பேருந்து நடத்துநருக்காக. எத்தனையோ பேருடைய வெல்லத்தை அவர் இக்குளத்தில் கரைத்திருக்கிறார். அவருக்காகக் கரைக்க ஒருவர் வேண்டாமா?

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால், "இன்னாத்துக்கு சாமி? பஸ்ஸுல பேரா ஏறுது, ஆளுதானே ஏறுது?" என்பார்.

எழுபதுகளின் பிற்பாதி அது. கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைகளின் புகைபோக்கிகள் ஒவ்வொன்றாய் எழும்பிக்கொண்டிருந்தன. திருவள்ளூரிலிருந்து அந்தத் திசையில் ஏழு மைல் தொலைவில் இருந்த ஒரு சிற்றூரில், ஊர்த்தலைவரின் அலுவலகத்தில் நான் எழுத்தராக இருந்தேன். நாள்தோறும் காலை எட்டேகாலுக்குப் புறப்படும் தனியார் பேருந்தில் ஏறி, எட்டே முக்காலுக்கு அலுவலக வாசலில் இறங்குவேன். அந்தப் பேருந்தின் நடத்துநர்தான் நம்மவர். நெடிய, ஒல்லியான உடம்பு. காக்கிச் சட்டையின் மேல் இரண்டு கயிறுகள் தொங்கும். ஒன்றில் சிறு சிலுவை, மற்றொன்றில் விசில். அவசரத்தில் சில சமயம் சிலுவையை வாயில் வைத்து ஊதப் பார்த்துவிட்டு, அதை முத்தமிட்டு விடுவார்.

அவரிடம் ஒரே ஒரு குணம் மேலோங்கி இருந்தது. காத்திருப்பவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவார். மற்ற நடத்துநர்களைக் கேட்டால் அடுத்த வண்டி எப்போதும் பின்னாலேயே வந்துகொண்டிருக்கும். இவர் படிக்கட்டில் நின்றபடியே, "அடுத்த வண்டி இல்லம்மா, டயரு போச்சு. நடந்தா பத்து மணிக்கு ஊடு போய்ச் சேரலாம். குந்திக்கினு இருந்தா பன்னெண்டு ஆவும். அப்புறம் உன் இஷ்டம்" என்பார். கேட்டவள் முகம் வாடும். ஆனால் அடுத்த நொடியே புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நடக்கத் தொடங்குவாள். தெரிந்தபின் காத்திருப்பது வேறு, தெரியாமல் காத்திருப்பது வேறு என்பதை நான் அவரிடம்தான் கண்டேன்.

ஒருமுறை மாப்பிள்ளை வீட்டார் பதினைந்து பேர் தாம்பூலத் தட்டுகளோடு ஏறினர். வழியில் வண்டியின் மூச்சு திணறியது. முகூர்த்தத்துக்குப் போய்விடலாமா என்று மாப்பிள்ளையின் தகப்பனார் கேட்டார். "போவலாம். தாலி கட்டி முடிஞ்சி, பாயசம் ஊத்துற நேரத்துக்குக் கரெக்டா போவலாம்" என்றார் நம்மவர். அவர்களை அங்கேயே இறக்கி, எதிரே வைக்கோல் ஏற்றி வந்த மாட்டுவண்டியை நிறுத்தி, வைக்கோலை வரப்பில் தள்ளச் செய்து, வயல்வழியே குறுக்குப் பாதையில் அனுப்பிவைத்தார். மாப்பிள்ளை சட்டையெல்லாம் வைக்கோலோடு மணவறையில் அமர்ந்தாராம், நேரத்துக்கு அமர்ந்தார்.

வெல்லத்தின் கதை இன்னும் நுட்பமானது. அமாவாசைதோறும் திருக்குளத்துக்கு வர இயலாத பெண்கள் வழியோர நிறுத்தங்களில் நின்று, தாளில் மடித்த வெல்லக்கட்டியை இவர் கையில் கொடுத்து, "எம்பேர்ல கரைச்சுடு நைனா" என்பார்கள். இவர் கிறித்தவர் என்பது அவர்களுக்குத் தெரியும். கரைக்கும் கை எதுவானாலும் கரைவது வெல்லம்தானே. திரும்பும் பயணத்தில் ஒவ்வொருவருக்கும் கணக்காய்ச் செய்தி சொல்வார்: "பதினோரு மணிக்குக் கரைச்சேன். தெக்கால படித்துறை. மீனு வந்துச்சு."

ஓர் அமாவாசையன்று வண்டி வழியில் பழுதாகி மாலைவரை நின்றுவிட, குளத்துக்குப் போகவே அவருக்கு வாய்க்கவில்லை. அன்று மாலை ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கி, வெல்லத்தை உரியவரிடம் திருப்பிக் கொடுத்தார். "கரைக்கல" என்று ஒரே சொல். ஒரு கீரைக்காரம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏன்யா, எங்கனா ஒரு குட்டையில போட்டுட்டு கரைச்சேன்னு சொன்னா நான் இன்னா குளத்தாண்ட வந்து நக்கிப் பாக்கவா போறேன்? என் மனசாவது நெறைஞ்சிருக்கும்."

"மனசு நெறையும் ஆத்தா. வெல்லம் குளத்துல கரையாதே. அடுத்த அமாவாசைக்குக் குடு, கரைக்கிறேன்."

அவள் நெடுநேரம் ஏசினாள். அடுத்த அமாவாசைக்கும் அவரிடமே கொடுத்தாள்.

இவருக்கு நேர்மாறானவர் எங்கள் ஊர்த்தலைவர். ஊரார் அவரை மேயர் என்றே அழைத்தனர். மேயர் ஒருவரைத் தாங்கும் அளவுக்கு அது பெருநகரம் அன்று. பட்டணத்தில் ஏதோ ஒரு விழாவில் மேயர் என்பவர் செந்நிற அங்கியோடு நடந்து வந்ததை அவர் கண்டுவிட்டார். அன்று முதல் தாமும் விழாக்களுக்குச் சிவப்புச் சால்வை போர்த்திக்கொண்டார், அதனால் வந்த பெயர். தீயவர் அல்லர். எவரிடமும் இல்லை என்று சொல்ல மனம் வராத மென்மையானவர். குழாயில் நீர் வரவில்லை என்றால் "நாளைக்கு" என்பார். தெருவிளக்கு எரியவில்லை என்றாலும் "நாளைக்கு" என்பார். ஊர் முழுவதும் அவருடைய நாளைகளால் நிரம்பி, பொறுமை இழந்து கிடந்தது. அவருடைய நாளைகளுக்கெல்லாம் நல்ல தமிழ் ஆடை உடுத்தி அனுப்பும் பணி என்னுடையது. பாசுரங்களில் ஊறிய நா எனக்கு. ஒரு சாக்கடை அடைப்பைக்கூட இரண்டு அடுக்குமொழிகளோடு எழுதித் தருவேன். அன்று அதில் எனக்குப் பெருமையும் இருந்தது, இதை ஒளிப்பதற்கில்லை.

ஓர் ஆண்டு தை மாதப் பிறப்பை ஒட்டி வேலைநிறுத்தம் வந்தது. நம்மவருடைய முதலாளியின் பேருந்துகளில் ஓட்டுநரும் நடத்துநருமாகப் பன்னிரண்டு பேர். அவர்கள் கேட்டது வாரத்தில் ஒரு நாள் ஓய்வு, வேறொன்றுமில்லை. நம்மவர் கேட்டது அதிலும் சிறியது. அவருக்கு அந்த ஒரு நாள் ஞாயிற்றுக்கிழமையாக இருக்க வேண்டும்.

"பதினாலு வருசமா ஞாயித்துக்கெழம பூசைக்குப் போனதில்ல சாமி" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். "ஆண்டவரு எனக்காகக் காத்துக்கினு இருப்பாரு. வரமாட்டேன்னு சொல்லி அனுப்பவும் ஆள் இல்ல. அதான் பேஜாரா கீது."

மேயர் முன்வந்தார். தாமே முதலாளியிடம் பேசி முடிப்பதாக ஊர் நடுவே வாக்களித்தார். பேருந்துகள் நின்றன.

சைக்கிள் ஓட்டத் தெரியாத நான், முதல் நாள் காலை ஆறு மணிக்கே நடக்கப் புறப்பட்டேன். பேருந்து நிலையத்தில் நம்மவர் காக்கிச் சட்டையோடும் விசிலோடும் நின்றிருந்தார். நீரும் வேலைநிறுத்தம்தானே, எங்கே புறப்பாடு என்று கேட்டேன்.

"எட்டேகால் வண்டிக்கு ஏழு ஸ்டாப்புல ஜனம் வந்து நிக்கும் சாமி. வராதுன்னு யாரு சொல்றது?"

அவ்வாறு அவர் நாள்தோறும் தம் பேருந்தின் பாதையை நடந்தே கடந்தார். நானும் உடன் நடந்தேன். முதல் இரண்டு நிறுத்தங்களில் அந்நேரத்துக்கு ஆள் இராது. அங்கே நிறுத்தக் கல்லின் மேல் ஒரு வேப்பங்கொத்தை வைத்து, பறக்காமலிருக்கச் செங்கல்லையும் ஏற்றிவிட்டு வருவார். வேப்பங்கொத்து இருந்தால் வண்டி இல்லை. இரண்டே நாளில் அந்த வட்டாரம் இதைப் புரிந்துகொண்டது. மற்ற நிறுத்தங்களில் விசிலை ஊதி, "வண்டி வராது. நான் வந்துட்டேன். கெளம்புங்க" என்பார்.

ஓட்டுநர்களின் தலைவர், பருத்த உடம்புக்காரர், மூன்றாம் நாள் வழிமறித்தார்.

"இன்னாபா, ஸ்ட்ரைக்கு பண்றியா, சர்வீஸ் பண்றியா? ஜனம் நின்னு காஞ்சாத்தான்டா மேயருக்கு ஒறைக்கும்."

"ஸ்ட்ரைக்கு வண்டிக்குத்தாண்ணே. வாய்க்கு இல்ல."

"உன்னைய நம்ம பக்கம் சேத்ததுக்கு அந்த வேப்பமரத்த சேத்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டு அவர் சிரித்துக்கொண்டே போனார்.

அலுவலகப் பலகையில் என் கையெழுத்தில் ஓர் அறிவிப்புத் தொங்கியது: "பேச்சுவார்த்தை இனிதே நடைபெற்று வருகிறது, நன்முடிவு அண்மையில் கனியும்." நம்மவர் அன்றாடம் நடந்துவந்து, அதன் முன் நின்று, எழுத்துக் கூட்டி முழுவதும் படிப்பார்.

"தமிழு சொகமா கீது சாமி. வண்டி எத்தினி மணிக்குன்னு எங்க போட்டிருக்கு?"

நான் உள்ளே போய்விடுவேன். முதலாளிக்கு நான் எழுதிய கடிதம் கையொப்பம் இல்லாமல் மேயரின் மேசை இழுப்பறையில் கிடந்தது எனக்குத் தெரியும்.

ஒன்பதாம் நாள் மாலை முதலாளி ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டார்: தை அமாவாசையன்று முதல் பயணத்துக்கு வேலைக்கு வராதவர் பெயர் நீக்கப்படும். அமாவாசை பதினோராம் நாள். ஞாயிற்றுக்கிழமையைக் கேட்கப் போய், பன்னிரண்டு குடும்பங்களின் ஏழு நாளும் பறிபோகும் நிலை.

பத்தாம் நாள் காலையும் நாங்கள் நடந்தோம். பனி விலகாத வயல்களுக்கிடையே நடந்து வந்தவர், சட்டென்று நின்றார்.

"சாமி, ஒண்ணு கேக்கறேன். மேயரு மொதலாளியாண்ட எங்க விசயத்தப் பேசினாரா?"

என் வேலை என் கண்முன் வந்து நின்றது. அடுத்த நிறுத்தத்தில் கீரைக்கூடையை இறக்கி வைத்து நின்றிருந்த அம்மாளும் கண்ணில் பட்டாள். நாள்தோறும் எம்பெருமான் முன் நின்று மெய்யே பேசி வாழ வேண்டும் என்று ஓதும் வாய் இது.

"இல்லை. பேசவில்லை" என்றேன்.

அவர் தலையசைத்தார். கோபப்படவில்லை. அடுத்த நிறுத்தத்தில் விசில் ஊதி, "வண்டி வராது. பேச்சுவார்த்தையும் நடக்கல" என்றார்.

"யாருய்யா சொன்னா?" என்றாள் கீரைக்காரம்மாள்.

அவர் என் பெயரைச் சொல்லத் தயங்கினார். "நான்தான் சொன்னேன்" என்றேன். பத்து நாளாக எழுதிய அத்தனை சொற்களைவிட அந்த இரண்டு சொற்கள் எனக்கு எளிதாயிருந்தன.

"அப்ப நானும் வரேன். அந்தாளு மூஞ்ச பாத்து ஒரு வார்த்த கேக்கணும்" என்று அவள் கூடையைத் தூக்கிக்கொண்டாள். அவளோடு தொழிற்சாலைக்குப் போக நின்ற நான்கு ஆண்களும் சேர்ந்தார்கள். அடுத்த நிறுத்தத்தில் ஒன்பது பேர். கூட்டம் சாலையை அடைத்துக்கொண்டு நடந்ததைக் கண்ட நம்மவருக்குப் பொறுக்கவில்லை.

"இப்படி எறைஞ்சி வந்தா லாரிக்காரன் அடிச்சிட்டுப் போவான். வரிசையா வாங்க. பொம்பளைங்க முன்னால, ஆம்பளைங்க பின்னால."

"எனக்கு ஜன்னலோரம்" என்றாள் கீரைக்காரம்மாள்.

"உனக்கு ரெண்டு பக்கமும் ஜன்னல்தான் ஆத்தா. கூடைய மட்டும் மேல போடாத, மேல யாரும் இல்ல."

"டிக்கெட்டு?"

"கால் இருந்தா போதும்."

இவ்வாறு இருவர் இருவராக, நாற்பதடி நீளத்துக்கு ஒரு பேருந்து உருவாகிவிட்டது. நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஒரு விசிலில் நின்றது. ஆள் சேர்ந்ததும் இரண்டு விசிலில் நகர்ந்தது. "முன்னால போங்க, முன்னால போங்க, எடம் கீது" என்று அவர் பின்னாலிருந்து குரல் கொடுத்துக்கொண்டே வந்தார். நான் நடுவில் எங்கோ நடந்தேன். எனக்கு முன்னால் ஒருவர், பேருந்தில் உறங்கும் வழக்கத்தால் நடந்துகொண்டே தூங்கினார்.

சரியாக எட்டே முக்காலுக்கு அலுவலக வாசலில் எங்கள் வண்டி நின்றது. நம்மவர் வழக்கம்போல நீளமாக ஒரு விசில் ஊதினார்.

அலுவலக மாடியில் இருந்த தம் வீட்டில் நாஷ்டா செய்துகொண்டிருந்த மேயரின் காதில் அது விழுந்தது. பத்து நாளாக ஊரில் கேளாதிருந்த ஒலி. வேலைநிறுத்தம் தானாக முடிந்து பேருந்து வந்துவிட்டது என்றே அவர் நினைத்துவிட்டார். அந்த நாளுக்கென்று ஒரு வெற்றியுரையை என்னிடம் முன்பே எழுதி வாங்கி வைத்திருந்தார். சிவப்புச் சால்வையை அள்ளிப் போர்த்திக்கொண்டு மேல்மாடத்துக்கு ஓடிவந்தவர், தாளிலிருந்து கண்ணெடுக்காமல் முழங்கினார்:

"பெருமக்களே, அடியேனின் அயரா முயற்சியால், அல்லும் பகலும் ஆற்றிய பேச்சுவார்த்தையால், இதோ உங்கள் பேருந்து உங்கள் வாசலில் வந்து நிற்கிறது."

 அவர் தாளைத் தாழ்த்திப் பேருந்தைத் தேடினார். இட்டிலித் துணுக்கு ஒன்று மீசையில் இருந்தது. பின்வரிசையில் யாரோ சிரிக்கத் தொடங்க, அது முன்வரிசை வரை ஓடி வந்தது.

"ஐயா, வண்டி வரல" என்றார் நம்மவர். "நாங்கதான் வந்துகீறோம்."

மேயர் கூட்டத்தைப் பார்த்தார். நடுவில் நின்ற என்னையும் பார்த்தார். "நீயுமா அங்க நிக்கிற?"

"நானும் இந்த வண்டியில்தான் வந்தேன், ஐயா."

"சரிபா, சரிபா. கலைஞ்சி போங்க. நாளைக்கு..."

"எந்த நாளைக்கு மேயரே?" என்றாள் கீரைக்காரம்மாள். "திங்களா, செவ்வாயா? அதுக்கு ஒரு பேரு வச்சிக் குடு, கூப்புட்டுப் பாக்குறோம்."

நம்மவர் கையை உயர்த்திச் சிரிப்பை அடக்கினார். "நாளைக்கு அமாவாசை ஐயா. மொத ட்ரிப்புல ஏறலன்னா எங்க பன்னெண்டு பேருக்கும் வேலை இல்ல. பேசுவீங்களா, மாட்டீங்களா? மாட்டேன்னா மாட்டேன்னு சொல்லிடுங்க. கோவம் இல்ல. வேற வழி பாத்துக்கினு போறோம். தெரியாம நிக்கத்தான் முடியல."

மேயர் வெற்றியுரைத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு, மேடைக்குரல் இல்லாமல், அண்டை வீட்டாரிடம் பேசுவது போலச் சொன்னார்.

"நான் இன்னும் பேசலபா. ஒரு கண்ணாலத்துல அவர பாத்தேன். ஆளுங்க இன்னாத்துக்கு நிக்கிறாங்கன்னு கேட்டாரு. நாளைக்குத் தானா வந்துடுவாங்கன்னு சொல்லிட்டேன். நீங்க இன்னா கேக்குறீங்கன்னே சொல்லல. முடியாதுன்னு சொல்லிட்டார்னா உங்க மூஞ்சில எப்பிடி முழிக்கிறது?"

"முடியாதுன்னாருன்னு வந்து சொல்லுங்க. அவ்ளோதான் ஐயா." நம்மவர் வரிசையின் முன்பக்கம் ஓர் ஆள் நிற்க இடம் ஒதுக்கினார். "ஏறுங்க. எடம் கீது."

மேயர் படியிறங்கி வந்து அந்த இடத்தில் நின்றார். இரண்டு விசில் ஒலித்தது. முதலாளியின் வண்டிக்கொட்டகை அரை மைல். வழியில் பருத்த ஓட்டுநரும் மற்ற தோழர்களும் ஏறிக்கொண்டார்கள். கொட்டகை வாசலில் முதலாளி எங்களைப் பார்த்ததும், "இன்னா, எலக்சனா?" என்று கேட்டார். மேயர் சால்வையை எடுத்துத் தோளில் மடித்துப் போட்டுக்கொண்டு, தாளில்லாமல் பேசினார். ஒன்றும் விடாமல் முழுவதும் சொன்னார். நாற்பது பேர் முற்றத்தில் நின்றுகொண்டு, முதலாளியின் முகத்தையே பார்த்தோம். மறுநாள் அமாவாசை, திருக்குளத்துக்குக் கூட்டம் அலைமோதும் நாள்; அவருடைய பேருந்துகள் கூரையின் கீழ்க் கோழிகள் அடைய நின்றன. அரை மணிக்குள் முடிந்தது. வாரத்தில் ஒரு நாள், முறை வைத்து ஓய்வு. "ஞாயித்துக்கெழம யாருக்கு வேணும்?" என்று அவர் கேட்டபோது பதினொரு பேரும் நம்மவரைக் காட்டினார்கள்.

நான் அலுவலகத்துக்குத் திரும்பி, பழைய அறிவிப்பைக் கிழித்துவிட்டுப் புதியதை எழுதினேன். "நாளை காலை வண்டி ஓடும்." நம்மவர் எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"இப்பத்தான் சாமி, தமிழு புரியுது."

மறுநாள் வழியெங்கும் வெல்லப் பொட்டலங்கள் அவர் கையில் ஏறின. மேயரும் ஒன்று கொடுத்தார். எதற்காக என்று எவரும் கேட்கவில்லை. நான் அவ்வலுவலகத்தில் மேலும் பல ஆண்டுகள் இருந்தேன். நாளைக்கு என்னும் சொல் அங்கிருந்து அடியோடு போய்விட்டது என்று எழுதினால் அது பொய்யாகும். ஆனால் அதைச் சொல்லும்போதெல்லாம் மேயர் ஒருமுறை சாலைப்பக்கம் எட்டிப் பார்த்துக்கொள்வார்.

அடுத்த ஞாயிறன்று திருவள்ளூர்ப் பேருந்து நிறுத்தத்தில் நம்மவரைக் கண்டேன். வெள்ளைச் சட்டை, பக்கத்தில் மனைவி. வீடு திரும்பும் வண்டிக்காகப் பயணியாக நின்றிருந்தார். கழுத்தில் விசில் இல்லை, ஆனால் நின்றிருந்த அனைவரிடமும், "இருவது நிமிசம் லேட்டாவும். டிரைவரு வழியில டீ குடிப்பாரு. நெழல்ல நில்லுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் மனைவி, "இன்னிக்கு லீவுய்யா உனக்கு" என்று முழங்கையால் இடித்தார்.

"பூசைக்குப் போய்வந்தீரா?" என்றேன்.

"போனேன் சாமி. நேரா முன்னால போய் நின்னு, பதினாலு வருசம் லேட்டுன்னு சொல்லிட்டேன்."

"அதற்கு?"

"ஒண்ணும் கேக்கல. எனக்கு எடம் காலியாத்தான் வச்சிருந்தாரு."

இதைப் படிக்கும் நீங்கள் அனைவரும் நீடு வாழ்க. உங்களுக்காகக் காத்திருப்போர்க்கு நீங்கள் உரிய நேரத்தில் போய்ச் சேர்க. இயலாத நாளில் அதை முன்வந்து சொல்லும் துணிவு உங்கள் நாவில் நிலைக்க. எந்த நிறுத்தத்தில் நீங்கள் நின்றாலும், வரும் என்றோ வராது என்றோ உண்மை சொல்ல ஒருவர் விசிலோடு நடந்து வருக. முடிவில் நீங்கள் சென்று சேரும் வாசலிலும், உங்களுக்கென்று ஓர் இடம் காலியாக இருக்க எவ்வுள் கிடந்தான் அருள்க.